ஈ85-க்கு மாற்றிய வண்டிகள்: எது கழன்றது, ஏன் கழன்றது

செம்பவாங் ஸ்பானர்:

ஈ85 (85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல்) பேச்சு எடுத்தாலே எல்லாரும் இன்ஜெக்டர் (எரிபொருள் தெளிப்பான்) எத்தனை சிசி, பம்பு எத்தனை லிட்டர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கு அரை மணி நேர வேலை. வண்டியை நடுவழியில் உட்கார வைப்பது அது இல்லை. டேங்குக்குள் கிடக்கும் ஒரு சாண் ஹோஸும் ரெண்டு வயரும்தான். அதற்கு மேல் நம்ம சிங்கப்பூர் ஈரக்காற்று. வேலை செய்து பார்த்தவர்கள் இங்கே போடுங்கள். டைனோவில் (சக்தி அளக்கும் மேடை) எவ்வளவு வந்தது என்ற பெருமை வேறு இடத்தில். இங்கே எது கழன்றது, ஏன் கழன்றது, அது போதும்.

கணக்கை நானே முடித்து வைக்கிறேன், அப்புறம் யாரும் கேட்க வேண்டாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ85-க்கு 9.8 கிலோதான். அதாவது அதே காற்றுக்கு எடையில் ஒன்றரை மடங்கு எரிபொருள். ஈ85 கொஞ்சம் அடர்த்தி கூட என்பதால் லிட்டர் கணக்கில் 1.4 மடங்கும் ஒரு துளி மேலும். 2 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர், இன்ஜினில் 350 குதிரைசக்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைசக்திக்கு நிமிடத்துக்கு 8.5 சிசி போட்டால் 2,975 சிசி. நாலால் வகுத்தால் 744. இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே கிடக்கக் கூடாது, அதனால் 875. கடையில் கேட்க வேண்டியது 1000 சிசி.

பம்புக்கு அதே 2,975 சிசி, மணிக்கு சுமார் 180 லிட்டர். ஆனால் அதை 4.5 பாரில் தள்ள வேண்டும்: அடிப்படை அழுத்தம் 3, டர்போ ஏற்றும் காற்றழுத்தம் (பூஸ்ட்) 1.5. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் குறைந்த அழுத்தத்தில் அளந்தது, அதை நம்பி வாங்காதீர்கள். பழைய வால்ப்ரோ 255 எத்தனாலுக்காகச் செய்தது இல்லை. ஏஇஎம் 50-1000, 50-1200 ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஈ85-க்கு உள்ளது 50-1200. பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

உபி மின்சாரம்:

வயரை நான் சொல்றேன் அண்ணே. பெரிய பம்பு பூஸ்டில் 15 ஆம்பியருக்கு மேல இழுக்கும். கம்பெனி வயர் அதுக்குக் கட்டினது இல்ல. பேட்டரியில 14 வோல்ட் காட்டுது, வயர் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவங்க, பம்பு ஓடும்போது அதோட கனெக்டர்லயே மீட்டரை வச்சுப் பாருங்க. 11.6 காட்டின வண்டி உண்டு. அந்த 2.4 வோல்ட் போனா பம்பு ஓட்டமும் கூடவே போயிடும், அப்புறம் "பம்பு டூப்ளிகேட்"னு கடைக்காரரைத் திட்டுவாங்க. பேட்டரியிலிருந்து நேரா 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி பக்கத்துலயே 30 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே. பழைய பம்பு வயரை ரிலேயைத் தட்டி விட மட்டும் வச்சுக்கங்க. எர்த்தும் அதே தடிமன்ல, பெயின்ட் சுரண்டின இடத்துல.

டேங்குக்கு உள்ளதான் வினை. பெட்ரோல்ல மின்சாரம் ஓடாது, அதனால உள்ள பின் திறந்து கிடந்தாலும் வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாது. எத்தனால்ல ஓடும், அதுல தண்ணி சேர்ந்தா இன்னும் நல்லா ஓடும். பிளஸ் பின் மெதுவா அரிச்சுக்கிட்டே வரும். பம்பு தொங்கற டேங்க் மூடியோட (பெட்ரோல் ஊத்தற மூடி இல்ல) பிளாஸ்டிக் கனெக்டர் சூட்டுல இளகி, பின் சாய்ஞ்சு நிக்கும். தனியா சீல் பண்ணின பல்க்ஹெட் (மூடி வழியா வயரை உள்ள கொண்டு போற கனெக்டர்) போடுங்க. உள்ள போற வயருக்கு டெஃப்லான் இல்ல ஈடிஎஃப்இ உறை. சாதாரண பிவிசி உறை விறைச்சு, வளைச்சா அப்பளம் மாதிரி உடையும். பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் உள்ள வேண்டவே வேண்டாம். பசை கரைஞ்சு போய்ச் சேர்ற இடம் ஃபில்டர்.

செம்பவாங் ஸ்பானர்:

வயருக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஹோஸ். பம்பிலிருந்து மூடி வரை போகும் அந்தத் துண்டில் ஜே30ஆர்10 என்று அச்சிட்டிருக்க வேண்டும். நிறைய பேர் ஜே30ஆர்9 போடுகிறார்கள், அதுவும் இன்ஜெக்ஷன் ஹோஸ்தானே என்று. ஆர்9-இன் உள்பக்கம் எரிபொருளைத் தாங்கும், வெளிப்பக்கம் மூழ்கிக் கிடக்கச் செய்தது இல்லை. ஊறின அவல் மாதிரி பொதபொதவென்று ஆகி, கிளிப் இருக்கிற இடத்தில் கீறிக்கொள்ளும்.

இதன் அறிகுறியைக் கவனியுங்கள், ஏனென்றால் பாதிப்பேர் இதை எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் கோளாறு என்று நினைத்துக் காசைக் கரைக்கிறார்கள். ஐடிலில் அழுத்தம் சரியாக இருக்கும். பூஸ்ட் ஏற ஏற, ஏற வேண்டிய அழுத்தம் தட்டையாக நிற்கும் அல்லது விழும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு கூட இருக்காது. ஒழுகுவது டேங்குக்கு உள்ளேயே. ரெகுலேட்டரை மாற்றும் முன்னால் மூடியைத் திறந்து, பம்பை ஓட விட்டு, ஹோஸைப் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது ஆவியைப் பற்றி மறக்காதீர்கள்: திறந்த இடம், பக்கத்தில் பவுடர் தீயணைப்பான். சுத்த எத்தனாலின் சுடர் வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

டேங்குக்கு வெளியே: பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்ளுறை ஹோஸ், அதுவும் நிலைமின்சாரத்தைக் கடத்தும் கரிய உள்ளுறை. இந்த அளவு சக்திக்கு ஏஎன்-6 அளவு ஹோஸ் போதும், அதைவிடப் பெரிய ஏஎன்-8 அழகுக்குத்தான். ஃபிட்டிங், ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) எல்லாம் அனோடைஸ் (ஆக்சைடு பூச்சு) செய்தது அல்லது ஸ்டெயின்லெஸ். அனோடைஸ் இல்லாத அலுமினியத்தை ஈரமான எத்தனால் தின்றுவிடும்.

லாம்டா:

எத்தனால் சதவீதம் அளக்கும் சென்சார். ஜிஎம் 13577429, கான்டினென்டல் செய்வது. மூணு வயர்: 12 வோல்ட், எர்த், சிக்னல். 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் இல்லை, 150 என்றால் முழு எத்தனால். நடுவில் நேர்கோடு, 110 காட்டினால் 60 சதவீதம். 150-ஐத் தாண்டி ஏறினால் சந்தோஷப்படாதீங்க, உள்ளே தண்ணி. பல்ஸ் அகலத்தில் எரிபொருள் சூடு வரும்: 1 மில்லிசெகண்ட் மைனஸ் 40 டிகிரி, 5 என்றால் 125. சிக்னல் வயருக்குப் புல்-அப் ரெசிஸ்டர் (சிக்னலை மேல் வோல்ட்டேஜில் இழுத்துப் பிடிப்பது) வேண்டும், சில இசியு-வில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) உள்ளேயே இருக்கும், சிலதில் இருக்காது. "சென்சார் செத்துப்போச்சு" என்று சொல்லப்பட்டதில் கணிசமானது இந்த ஒரு ரெசிஸ்டர் இல்லாததுதான். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் போடுங்க, முழு ஓட்டமும் சென்சாரின் சின்ன ஓட்டை வழியாகப் போக வேண்டாம்.

ட்யூன் செய்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்க: சென்சார் அறுந்தால் இசியு என்ன செய்யும்? பெட்ரோல் என்று எடுத்துக்கொண்டால் டேங்கில் ஈ85 இருக்கும்போது கலவை மெலிந்து பிஸ்டன் போகும். ஈ85 என்று எடுத்துக்கொண்டால் டேங்கில் 98 ஆக்டேன் பெட்ரோல் இருக்கும்போது இக்னிஷன் அதிகமாக முந்தி நாக் (கலவை தறிகெட்டு வெடித்துத் தட்டுவது) வரும். சரியான பதில் ரெண்டும் இல்லை. எரிபொருள் அளவு கடைசியாகத் தெரிந்த சதவீதத்தில் நிற்கணும். இக்னிஷனும் பூஸ்டும் பெட்ரோல் மேப்புக்கு (பெட்ரோலுக்கான அளவு அட்டவணை) இறங்கணும். இதற்கு உடனே பதில் வரவில்லை என்றால் வேறு ட்யூனர் பாருங்க.

மீட்டரை லாம்டாவில் (சரியான கலவை 1.00, அதற்குக் கீழே என்றால் எரிபொருள் கூட) வையுங்க, 14.7 கணக்கில் பார்த்துக் குழம்பாதீங்க. பூஸ்டில் 0.80 பக்கம். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

பொங்கோல் ஜிடிஐ:

அண்ணே, நேரடி இன்ஜெக்ஷன் வண்டிக்கு இதெல்லாம் பொருந்துமா? ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் எம்கே7 ஜிடிஐ, கம்பெனி ஹை பிரஷர் பம்பு.

லாம்டா:

பொருந்தாது தம்பி. அந்தப் பம்பைக் கேம்ஷாஃப்ட் அழுத்துது, ஒரு அழுத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு. டேங்க் பம்பை எவ்வளவு பெரிசாகப் போட்டாலும் அது கூடாது. லாகில் ரெயில் அழுத்தம் கேட்டது 200 பார், கிடைத்தது 140 என்று இருந்தால் எல்லையைத் தாண்டியாச்சு. கம்பெனி பம்பில் ஈ25, ஈ30-இல் நில்லுங்க. நாக் தாங்கும் பலனில் பெரும்பகுதி அங்கேயே கிடைச்சுடும். மேல போகணும்னா பெரிய ஹை பிரஷர் பம்பு, இல்லை போர்ட் இன்ஜெக்டர் தனியா.

ஜூரோங் டிரம்மு:

எல்லாம் சரி, எரிபொருள் எங்கே? இங்கே எந்த ஸ்டேஷனிலும் ஈ85 பம்பு கிடையாது. டிரம்மில் எத்தனால் வாங்கிக் கலக்குவதுதான் வழி. குடிக்கத் தகுந்த எத்தனாலுக்கு ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி வரி, ஆகவே கேட்க வேண்டியது டீனேச்சர் செய்தது (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்தது). அதில் என்ன கலந்திருக்கிறது என்று தரவுத்தாளைக் கேளுங்கள். மெத்தனால் இருந்தால் வேண்டாம், அலுமினியத்துக்கு எத்தனாலை விட அது மோசம்.

95 சதவீதச் சரக்கு மலிவு, ஆனால் மீதி 5 தண்ணீர். எத்தனால் நிறைய இருக்கும் வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே 98 ஊற்றி ஊற்றி ஈ10 பக்கம் வந்துவிட்டால் சுமார் அரை சதவீதத் தண்ணீருக்கு மேல் தாங்காது, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்பு உறிஞ்சுவது அடியில்தான். எனவே 99.5-க்குக் குறையாதது. டிரம் திறந்தால் நம்ம ஊரில் ஈரம் இழுக்காமல் இருக்காது. சின்னக் கேன்களில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள், பாதி டிரம்மை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

20 லிட்டர் ஈ85-க்கு 17 லிட்டர் எத்தனால், 3 லிட்டர் 98. தராசு இருந்தால் 17 லிட்டர் என்பது 13.4 கிலோ.

சோதனை இப்படி: 100 மில்லி அளவுக் குழாயில் 50 மில்லி தண்ணீர், மேலே 50 மில்லி கலவை. வாயைக் கட்டை விரலால் மூடி (கையுறையோடு) நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே போகும், பெட்ரோல் மேலே மெல்லிய மஞ்சள் வளையமாக நிற்கும். கோடு 92.5-இல் நிற்கும் என்று எதிர்பார்த்து, 89, 90-ஐப் பார்த்துச் சப்ளையர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தால் கன அளவு சுருங்கும். 90 என்றால் உங்கள் ஈ85 சரியாகவே இருக்கிறது.

சேமிப்பு: எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டிலோ கார் பார்க்கிலோ டிரம் வைப்பது பேச்சுக்கே இடமில்லை. உரிமம் எந்த அளவிலிருந்து வேண்டும் என்பதைக் குடிமைத் தற்காப்புப் படையிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எத்தனால் 13 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும், நம்ம ஊரில் அது எந்நேரமும்.

உபி மின்சாரம்:

அப்படியே எல்டிஏ-வையும் (நிலப் போக்குவரத்து ஆணையம்) சொல்லிடுங்க. பதிவுல எரிபொருள் பெட்ரோல்னு இருக்கு. ரோட்டுல ஓட்டறதா இருந்தா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயும் இன்ஷூரன்ஸ்கிட்டயும் எழுத்துல கேட்டுக்கணும். விக்காம் வண்டிப் பரிசோதனைக்கு 98 ஊத்திப் போனா போதும்னு ஒரு பேச்சு ஓடுது, அங்க பாக்கறது புகையை மட்டும் இல்ல லா.

செம்பவாங் ஸ்பானர்:

மலேசியாவில் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. முக்கால் டேங்க் விதி (சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டும்போது குறைந்தது முக்கால் டேங்க் இருக்க வேண்டும்) ஈ85-க்கும் அதே விதிதான். 55 லிட்டர் டேங்கில் முக்கால் 41 லிட்டர். சுமார் 300 கிலோமீட்டருக்கு 98-இல் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 30 லிட்டர் போதும். ஈ85-இல் 7 என்றால் 43. வழியில் ஊற்ற இடம் இல்லை. அதனால் 98-இல் போங்கள், கலவையை அங்கே போய் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மிட்சுபிஷி எவோ, சுபாரு எஸ்டிஐ வைத்திருப்பவர்கள் இன்னொன்று. சிஓஇ (வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்று) புதுப்பித்து ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். டேங்க் சேணம் மாதிரி, நடுவில் கார்டன் ஷாஃப்ட் (பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு), ரெண்டு பக்கமும் தொங்கும். பம்பு ஒரு பக்கம். மறுபக்கத்தை ஜெட் பம்பு இழுத்துக் கொடுக்கும். பம்பு பக்கத்தை வடித்துவிட்டு "காலி" என்று ஈ85 ஊற்றினால் மறுபக்கம் சில லிட்டர் பெட்ரோல் அப்படியே இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்போது சதவீதம் ஆடும். சென்சார் எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பூஸ்ட் வேண்டாம். ரிட்டர்னை வேறு இடத்தில் விட்டு ஜெட் பம்பைப் பட்டினி போட்டால், கேஜில் கால் டேங்க் இருக்கும்போதே வண்டி நின்றுவிடும்.

பொங்கோல் ஜிடிஐ:

ஆயில் எப்போ மாத்தணும்?

லாம்டா:

வீட்டு பிளாக்கிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு, திரும்ப வீட்டுக்கு என்று ஓடற வண்டிக்கு 3,000 கிலோமீட்டர். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஆயில் 90-ஐத் தாண்டி இருபது நிமிஷம் ஓடினால்தான் வெளியே போகும். இல்லைன்னா ஆயில் மூடிக்கு அடியில் கோப்பி-சி (பால் காபி) நிறத்தில் கூழ் நிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூணு வாரம் வண்டி நிக்கப் போகுதுன்னா, போறதுக்கு முன்னாடி ஒரு டேங்க் 98 ஓட்டிட்டு நிறுத்துங்க. இன்ஜெக்டர் நுனியில் கருப்புப் பிசின் கட்டறது பெரும்பாலும் நின்ன வண்டியில்தான்.

பொங்கோல் ஜிடிஐ:

கடைசியா ஒண்ணு. ஃபில்டரை எப்போ மாத்தணும்?

செம்பவாங் ஸ்பானர்:

முதலில் காகித ஃபில்டரை எடுத்துவிடுங்கள். பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான், எத்தனாலைத் தாங்கும் கண்ணாடி இழை. முதல் டேங்க் முடிந்ததும் ஒரு தடவை, மூன்றாவது முடிந்ததும் ஒரு தடவை. கழற்றியதைத் தூக்கிப் போடாமல் அறுத்து, வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். பழுப்பு நிறப் பிசுக்கு என்றால் டேங்கின் பழைய அழுக்கை எத்தனால் கழுவியிருக்கிறது, அது தானாக நின்றுவிடும். கருப்புத் துகள், விரலில் தேய்த்தால் இழுபடுகிறது என்றால் எங்கேயோ ஒரு ரப்பர் கரைகிறது, தேடுங்கள். மாவு மாதிரி வெள்ளைத் தூள், இல்லை வெள்ளைக் கூழ் என்றால் அலுமினியம். வண்டியை எடுக்காதீர்கள், ரெயிலைக் கழற்றுங்கள், டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.