பழைய அமெரிக்க மேடைப்பேச்சுப் படங்கள்: உதவி வேணும்

நண்பர்களே, 1950 வாக்கில் அமெரிக்கப் பள்ளிகளில் 16 மி.மீ. புரொஜெக்டரில் போட்டுக் காட்டிய பாடப்படங்களைத் தேடுகிறேன். மேடையில் எப்படி நிற்பது, குரலை எப்படி ஏற்றி இறக்குவது, கூன் போடாமல் எப்படி உட்காருவது, இந்த ரகம்.

கான்சாஸில் லாரன்ஸ் நகரத்து சென்ட்ரான், இல்லினாயில் கிளென்வியூவின் கோரோனெட் என்ற இரண்டு படக் கம்பெனிகளும் இதில் பெரிய கை. கோரோனெட்டைத் தொடங்கிய டேவிட் ஸ்மார்ட், கவர்ச்சிப் படங்களுக்குப் பேர்போன எஸ்கொயர் என்ற ஆண்கள் பத்திரிகையை நடத்தியவர். (அவர் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொன்னது வேடிக்கைதான்!) இந்த மாதிரிப் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிரெலிங்கர் தொகுப்பில் சில கிடைத்தன.

என் சந்தேகம்: அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்கணும், இல்லையென்றால் பொதுச்சொத்து. புதுப்பித்தார்களா என்று ஒவ்வொரு படத்துக்கும் எப்படிப் பார்ப்பது? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

எல்லாம் என் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குத்தான். போன வாரம் ஒரு தம்பி பேசப் பேச மைக் ஒயரைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே வந்து, 'நன்றி, வணக்கம்' சொல்லும்போது மைக்கையே கீழே இழுத்துவிட்டான். நான் நூறு தடவை சொல்லியாச்சு, படம் பார்த்தாவது கேட்பான்.

தமிழ் சப்டைட்டில் போடத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். ஆங்கில வசனத்தை நானே எழுதித் தருகிறேன்.