4.4 மி.மீ. ஹெட்போன் கேபிளில் பேஸ் (அடித்தொனி) காணவில்லை, கேஎல்லில் (கோலாலம்பூரில்) யாரிடம் காட்டலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஓப்பன் பேக் (பின்புறம் திறந்த) பிளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும்) ஹெட்போன் ஒன்று வாங்கினேன். கூட வந்த 6.35 மி.மீ. கேபிளில் மிருதங்கத்தின் தொப்பி (அடித்தொனி தரும் இடது பக்கம்) அப்படியே நெஞ்சில் இறங்குகிறது, அவ்வளவு அருமை. தனியாக வாங்கிய 4.4 மி.மீ. பேலன்ஸ்டு (இடது வலதுக்குத் தனித்தனி பிளஸ் மைனஸ் கம்பி உள்ள) கேபிளை மாட்டினால் தொப்பியே இல்லை, வலந்தலை (வலது பக்கம்) மட்டும் டக்டக் என்கிறது, நடுவில் நிற்க வேண்டிய குரல் இரண்டு காதுக்கும் வெளியே சிதறுகிறது.

இயர்பேட் மாற்றினேன், இடது வலது பிளக்கை மாற்றிக் குத்தினேன், நண்பரின் ஆம்ப்ளிஃபையரிலும் போட்டேன், அதே கதை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்தால் இரண்டுமே சரி! அதனால் கேபிளில் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறி சோல்டர் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். விற்றவர் பதிலே போடவில்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, சோல்டரைச் சரிசெய்து தர கேஎல்லில் யார் இருக்கிறார்கள்?