ஆரஞ்சு ஒளி சேறாகிவிடுகிறது: ஆயிலில் கடல் வரைபவர்கள் உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் வரைந்த சூரிய உதயப் படத்தைப் பார்த்து ஆயில் பெயின்ட் பழகுகிறேன். நீலச் சாம்பலில் கடலைப் போட்டு முடிக்கும்வரை நன்றாக வருகிறது. தண்ணீரில் விழும் ஆரஞ்சு ஒளியை வைக்க ஆரம்பித்ததும் கெட்டுப்போகிறது. முதல் தீற்றல் பளிச்சென்று விழும், அடுத்தடுத்து வருவதெல்லாம் சேற்று நிறம். வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறுகிறது. சூரியனும் ஒளிராமல், ஒட்டவைத்த பொட்டுபோல நிற்கிறது. என்னிடம் இருப்பவை அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை, காட்மியம் ஆரஞ்சு, டைட்டானியம் ஒயிட், மெல்லிய நைலான் பிரஷ். பெயின்டை இளக்க டர்பென்டைனும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறேன். எங்கே கோளாறு?

பதில் 1:
நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள். கலந்தால் சாம்பலோ பழுப்போதான் கிடைக்கும். ஈரக் கடல்மேல் பிரஷை இழுக்கும்போது கீழே இருக்கும் நீலத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது. எண்ணெய் அதிகம் என்பதால் கடல் வழுக்கலாகவும் இருக்கும், மென்மையான பிரஷ் அதை இன்னும் கிளறிவிடும்.

கடலுக்கு லின்சீட் எண்ணெயே வேண்டாம். டர்பென்டைன் கொஞ்சம் தொட்டு, கேன்வாஸ் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். ஆரஞ்சில் எதையும் கலக்காமல் டியூபில் இருந்து வரும் கெட்டியிலேயே பன்றிமுடி பிரஷ் நுனியில் நிறைய எடுங்கள். பிரஷைப் படுக்கைவசமாகச் சாய்த்து, வைத்து, எடுத்துவிடுங்கள். தேய்க்கவே கூடாது. ஒவ்வொரு தீற்றலுக்கும் துணியில் துடைத்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் நிறம் சுத்தமாக நிற்பது இதனால்தான். விழுந்த தீற்றல் பிடிக்கவில்லையா? அதன்மேல் திருத்தாதீர்கள், பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

டைட்டானியம் ஒயிட் வலுவான வெள்ளை, கொஞ்சம் சேர்த்தாலே நிறத்தை விழுங்கிவிடும். ஆரஞ்சை வெளிச்சமாக்க வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. சூரியன் பற்றி ஒன்று. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்ட மறைந்துபோகும். சுற்றியுள்ள வானமும் அதுவும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவில் இருக்கின்றன, வேறுபடுவது நிறம் மட்டுமே. நீங்கள் சூரியனை வானத்தைவிட வெளிச்சமாக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் வெள்ளையும் ஏறுகிறது. வானத்தை இன்னும் மந்தமான சாம்பலாக்குங்கள், ஆரஞ்சு தானாகவே எரியும். உங்கள் படத்தையும் போனில் எடுத்து அதேபோல் மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஈரத்தின்மேல் முடித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்ரெட்டா கடற்கரையில் தொடங்கிய படங்களில் பலவற்றை மோனே ஜிவெர்னி ஊரில் இருந்த தன் வீட்டில் வைத்துத்தான் முடித்தார். கடல் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும், பிறகு ஆரஞ்சை வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எண்ணெய் இல்லாமல் மெல்லியதாகப் பூசியதில் ஆரஞ்சு கலங்காமல் நிற்கிறது. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் என் சூரியன் வெள்ளை வட்டமாகத் தெரிகிறது, வானத்தைத்தான் மாற்ற வேண்டும்போல. அப்புறம், என் தீற்றல்கள் ஏணிப்படி மாதிரி வரிசையாக வருகின்றனவே?

பதில் 1:
அடிவானத்துப் பக்கம் சின்னதாக, நெருக்கமாக. நம் பக்கம் வர வர அகலமாக, இடைவெளி விட்டு வையுங்கள். இடதும் வலதுமாக நகர்த்துங்கள், ஓரிரண்டைப் பாதியில் விட்டுவிடுங்கள். வானமும் கடலும் சேரும் கோட்டையும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷால் லேசாக ஒற்றி மங்கலாக்கிவிடுங்கள்.