20 காடைக்கு 3 முட்டை, எங்கே தப்பு?

மாடிக்கூண்டு:
வணக்கம். திண்டுக்கல் பக்கம். மொட்டை மாடியில் கொட்டகை போட்டு 20 ஜப்பானியக் காடை வைத்திருக்கிறேன். ஐந்து வாரக் குஞ்சாக வாங்கினேன், இப்போது பத்தாவது வாரம். ஒரு நாளைக்கு மூன்று முட்டை, மிஞ்சிப்போனால் நான்கு. விற்றவர் தினமும் பதினைந்துக்குக் குறையாது என்றார். தீவனம் வீட்டுக் கம்பும் அரிசி நொய்யும்தான். நோய் எதுவும் தெரியவில்லை, நன்றாகத்தான் கத்துகின்றன. விடியற்காலை நாலரைக்கே ஆரம்பம். கீழ் வீட்டு அக்கா இரண்டு முறை படியேறி வந்துவிட்டார். முட்டை கொடுத்துச் சமாளிக்கலாம் என்றால் முட்டையே இல்லை!

பழைய பண்ணையாள்:
தம்பி, அந்தக் கத்தலில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டை அப்படிக் கத்தாது. ஒவ்வொன்றாகப் பிடித்து நெஞ்சைப் பாருங்கள். புள்ளியில்லாமல் செம்பழுப்பாக இருந்தால் ஆண். வெளிறிய நெஞ்சில் மிளகு தூவினது போல் கரும்புள்ளி இருந்தால் பெட்டை. சந்தேகமா? வால்புறம் லேசாக அழுத்தினால் ஆணுக்கு வெள்ளை நுரை வரும். நெஞ்சு நிறம் மூன்று வாரத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து வாரத்தில் விற்றவருக்குத் தெரியாதா என்ன, சரி விடுங்கள்.

கரூர்க்காரி:
கம்பும் நொய்யும் மட்டும் போட்டால் பெட்டை எப்படி இடும்? அதில் புரதம் பத்து சதவீதம் அளவுதான். முட்டைக் காடைக்குக் குறைந்தது இருபது வேண்டும். காடைத் தீவனமே வாங்கி, தலைக்கு 25 - 30 கிராம் வையுங்கள். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில். பகலோடு சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி ஒரு பல்பும் போடுங்கள். அப்புறம், முட்டை எப்போது எடுக்கிறீர்கள்? கோழி மாதிரி காலையில் இடாது, பெரும்பாலும் சாயங்காலம்தான்.

மாடிக்கூண்டு:
எண்ணிவிட்டேன். பன்னிரண்டு ஆண், எட்டு பெட்டை! பெட்டைகளின் பின்னந்தலை மொட்டையாக இருந்தது. செள்ளு என்று நினைத்து ஒரு வாரமாக வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஆண்கள் கொத்திப் பிடுங்கியது என்று இப்போதுதான் புரிகிறது. நேற்று இரவு ஏழு மணிக்கு நான்கு முட்டை கிடந்தது. எடுக்காமல் விட்டுப் பார்த்தேன், காலையில் ஒன்று மிதிபட்டு உடைந்திருந்தது. எத்தனை ஆணை வைத்துக்கொள்ளலாம்?

பழைய பண்ணையாள்:
குஞ்சு பொரிக்கிற எண்ணம் இருந்தால் எட்டுக்கு மூன்று போதும். ஆனால் காடை அடை உட்காராது, இன்குபேட்டர் வேண்டும், 17 - 18 நாள். சாப்பிட முட்டை மட்டும் போதுமென்றால் ஆணே வேண்டாம். பத்து வாரக் கறி கொஞ்சம் இறுகியிருக்கும், வறுவலைவிடக் குழம்பு நல்லது.

மாடிக்கூண்டு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மூன்று ஆணை வைத்துக்கொண்டு ஒன்பதைக் குழம்பாக்கினோம், கீழ் வீட்டுக்கும் ஒரு தூக்குப்போசி போனது. தீவனம் மாற்றி, பல்பும் போட்டாயிற்று. நேற்று ஆறு முட்டை. நாலரை மணிக் கச்சேரியில் இன்னும் மூன்று பேர் பாக்கி.