பியாட்ரிக்ஸ் பாட்டரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

முதற்பதிவு – மான்செஸ்டரிலிருந்து

பீட்டர் என்ற முயலைப் படைத்த ஆங்கிலக் குழந்தைக் கதை ஆசிரியரும் ஓவியருமான பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943 டிசம்பர் 22ஆம் நாள் மறைந்துவிட்டார். ஆகவே அவரைச் சந்தித்தேன் என்று நான் சொல்வது, அவர் வாழ்ந்த வீட்டுக்குள் ஒரு முற்பகல் நின்றதைத்தான். சென்ற கோடையில் மதுரையிலிருந்து என் அம்மா வந்திருந்தபோது, ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு வட இங்கிலாந்திலுள்ள ஏரி மாவட்டத்தின் நியர் சோரி என்னும் சிற்றூரில் உள்ள ஹில் டாப் பண்ணை வீட்டுக்குப் போனோம். வீடு சிறியது, உள்ளே வெளிச்சமும் குறைவு. அதனால் நேரம் குறித்த சீட்டு கொடுத்துச் சிலர் சிலராகத்தான் அனுமதிக்கிறார்கள். அறைகளில் அவருடைய புத்தகங்களை ஆங்காங்கே விரித்து வைத்திருக்கிறார்கள். விரித்த பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், படத்தில் உள்ள அதே மூலை நம் எதிரே இருக்கிறது.

மாடிப்படியின் திருப்பத்தில் என் மகள் நின்றுவிட்டாள். 1908இல் வெளிவந்த ஒரு கதையில், சாமுவேல் என்ற கிழட்டு எலி, பூனைக்குட்டியை மாவில் சுற்றி வேகவைப்பதற்காக, திருடிய மாவுக்கட்டையை உருட்டிக்கொண்டு போகும் இடம் அது. அம்மா சற்று நேரம் படத்தையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சப்பாத்திக் கட்டையை எலி எப்படி உருட்டும் என்று இந்த அம்மாள் நின்று பார்த்திருக்கிறாள்” என்றார். பாட்டரைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

1866இல் லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்த பாட்டர் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஆசிரியைகளிடம் படித்த அவருக்கும் தம்பி பெர்ட்ராமுக்கும் முயல், முள்ளெலி, வௌவால், பல்லி ஆகியவையே தோழர்கள். அவற்றில் ஏதேனும் இறந்துபோனால் இருவரும் உடலைக் கொதிக்கவைத்து எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்து வரைவார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ, நீலச் சட்டை போட்ட பின்னும் பீட்டர் முயலாகவே இருப்பதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தச் சட்டையை உதறிவிட்டு நான்கு காலில் ஓடும்போதுதான் அது உயிர் தப்புகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பீட்டரின் கதை முதலில் ஒரு கடிதம். தம்முடைய முன்னாள் ஆசிரியை திருமதி மூரின் ஐந்து வயது மகன் நோயல் நோயுற்றுப் படுத்திருந்தபோது, என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று தொடங்கி, 1893 செப்டம்பர் 4 அன்று படங்களோடு எழுதி அனுப்பினார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதத்தை நோயலிடமிருந்து இரவல் வாங்கிப் புத்தகமாக விரித்தெழுதினார். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பவே, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். சிறு கைக்குள் அடங்கும் அளவும் எளியவர்களும் வாங்கக்கூடிய விலையும் வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மறு ஆண்டு ஃபிரடெரிக் வார்ன் பதிப்பகம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது.

ஹில் டாப்பில் என்னை நெடுநேரம் நிறுத்தியது ஒரு பொம்மை வீட்டுக்குள் இருந்த சிறு உணவுத் தட்டுகள். இரண்டு எலிகள் பொம்மை வீட்டில் புகுந்து, வெட்ட வராத போலி இறைச்சியை ஆத்திரத்தில் அடித்து நொறுக்கும் கதைக்காக, பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்ன் வாங்கி அனுப்பியவை அவை. 1905 ஜூலையில் நார்மன் அவரை மணக்க விரும்பிக் கேட்டார், பாட்டரும் இசைந்தார். வணிகக் குடும்பத்து மாப்பிள்ளை தங்கள் தகுதிக்குக் குறைவு என்று பெற்றோர் எதிர்த்தனர். ஆகஸ்ட் 25 அன்று நார்மன் நோயில் இறந்தார். அதே ஆண்டில்தான் பாட்டர் இந்தப் பண்ணையை வாங்கினார். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தட்டுகளை இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுமொழி – கோவையிலிருந்து

தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாட்டர் கதை எழுதியவர் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். காளான்களைப் பற்றி 1967இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கையேட்டில் இருந்த 59 படங்கள் அவர் வரைந்தவை. அந்நூலை நூலகத்தில் புரட்டியபோதுதான் முதன்முதலில் அவரை அறிந்தேன். பின்னர் ஆம்பிள்சைடு ஊரின் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் மூல ஓவியங்கள் சிலவற்றை நேரில் கண்டேன். குடையின் அடிப்புறத்தில் செவுள் போன்ற மடிப்புகள், தண்டில் ஒட்டிய மண், குறுக்கு வெட்டில் தெரியும் சதையின் நிறம் என எதையும் அவர் அழகுக்காக மாற்றவில்லை. இனம் காண்பதற்கு எவை தேவையோ அவற்றை வரைய, ஸ்காட்லாந்தில் தபால்காரராக இருந்துகொண்டே இயற்கையை ஆராய்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் அவருக்கு வழிகாட்டினார்.

காளான் வித்துகளை முளைக்கவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் அவரைப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் லண்டனின் இயற்கையியல் அமைப்பான லின்னேயன் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாத காலம் என்பதால், 1897 ஏப்ரல் 1 அன்று ஜார்ஜ் மாசி என்பவர் அக்கட்டுரையை முன்வைத்தார். பிறகு பாட்டரே அதைத் திரும்பப் பெற்றார். இன்று அதன் படி கிடைப்பதில்லை. அவரை நடத்திய விதத்துக்காகச் சங்கம் 1997இல் வருத்தம் தெரிவித்தது.

பாசியும் பூஞ்சையும் கூடி வாழ்வதே லைக்கன் என்று கண்டறிந்தவர் பாட்டர்தான் எனப் பலர் எழுதுகிறார்கள். அது மிகை. அதை ஷ்வெண்டனர் என்ற தாவரவியலாளர் 1860களிலேயே சொல்லிவிட்டார். இல்லாத பெருமையை அவருக்குச் சூட்டுவதைவிட, அந்த ஓவியங்களில் ஒன்றை ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பது அவருக்குச் செய்யும் நியாயமாக இருக்கும்.

மறுமொழி – கால்நடை மருத்துவர் ஒருவர்

மேலே இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் சந்தித்தவர் பாட்டர் அல்லர், திருமதி ஹீலிஸ். 1913இல், தம் 47ஆம் வயதில், வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்த பின் அவர் அந்தப் பெயரில்தான் அறியப்பட விரும்பினார். ஏரி மாவட்டம் அடங்கிய கம்பிரியா பக்கம் சில வாரங்கள் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, ஹெர்ட்விக் என்னும் செம்மறி இன ஆடுகளை வளர்ப்பவர்கள் அவரைப் பற்றிப் பேசியதை வைத்து, முதலில் நான் அவரை ஒரு பழைய ஆட்டுப் பண்ணையாளர் என்றே நினைத்தேன். கதைப்புத்தகத்தைப் பற்றி அவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

ஹெர்ட்விக் குட்டி பிறக்கும்போது ஏறக்குறையக் கறுப்பு. வளர வளர உடல் சாம்பல் நிறமாகும், முகம் வெளுக்கும். கம்பளி முரடு, ஆனால் பனியையும் மழையையும் தாங்கும். வேலியில்லாத மலையில் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயாட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்வதால், அந்த மந்தையை விற்றுவிட்டு வேறு மந்தையைக் கொண்டுவந்து அதே மலையில் விடுவது எளிதன்று. நம் ஊரில் கிடை போடுபவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பண்ணை கைமாறினால் ஆடுகளும் அதனோடு சேர்ந்தே கைமாறும். 1920களில் டிரவுட்பெக் பார்க் என்ற பெரிய பண்ணையை அவர் வாங்கியபோது, அங்கிருந்த ஆடுகளைக் கல்லீரல் தட்டைப்புழு வாட்டிக்கொண்டிருந்தது. டாம் ஸ்டோரி என்ற இடையரை வேலைக்கு அமர்த்தி, அப்போது புதிதாக வந்திருந்த மருந்தைக் கொடுத்து மந்தையை மீட்டார். கண்காட்சிகளில் அவருடைய ஆடுகள் பரிசு வாங்கின. 1943இல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியேற்பதற்குள் இறந்துபோனார்.

4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அவர், இயற்கையிடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார் என்பது எல்லோரும் சொல்வது. மலைப்பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் இனத்தையே வளர்க்க வேண்டும் என்றும் உயிலில் எழுதியிருந்ததைத்தான் நான் அவருடைய கையெழுத்தாகக் கருதுகிறேன்.

அவருடைய அஸ்தியை நியர் சோரிக்கு மேலேயுள்ள நிலத்தில் டாம் ஸ்டோரி தூவினார். இடத்தை வெளியே சொல்லவில்லை. எந்தப் பக்கம் இருக்கும் என்று எங்களை அழைத்துப்போன முதியவரிடம் நான் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மழை வருகிறது, ஆடுகளை இறக்க வேண்டும் என்று சொல்லிப் படலைத் திறக்கப் போய்விட்டார்.