பெயின்ட் பிறகு, முதலில் பதிவேடுகள்

வெளிநாட்டில் இருக்கும் நம் சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நம் கோயிலுக்குள்ளும் ஏறிவிட்டது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் பெயின்ட் அடித்துவிடலாம், பணம் தருகிறோம் என்று பலர் எழுதுகிறீர்கள். உங்கள் மனசு தெரிகிறது. ஆனால் பெயின்ட் பொறுக்கும், வெஸ்ட்ரி (கோயில் அலுவல் அறை) பீரோவில் நனைந்து கிடக்கும் பதிவேடுகள் பொறுக்காது. நனைந்த தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

விவாகப் பதிவுக்காவது 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி அரசுப் பதிவாளருக்கு நகல் போக வேண்டும். ஞானஸ்நானப் பதிவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிறப்புச் சான்றிதழ் எடுக்காத பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

கோயில்பிள்ளையிடம் (கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்) போனில் பேசுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது, ஈரத்தோடு புத்தகத்தைத் திறக்கக் கூடாது. தாள் ஊறிப்போய் இருக்கும், புரட்டினால் கையோடு வரும். சேறு இருந்தால் புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்தபடி நல்ல தண்ணீரில் அலசினால் போதும், தேய்க்க வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெழுகுத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு உறைய வைக்க வேண்டும். ஊரில் கரண்ட் வந்து வந்து போவதால் வீட்டு ஃபிரிட்ஜை நம்ப முடியாது. தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளின் குளிர்கிடங்கில் மைனஸ் 18 டிகிரி நிற்கும், அங்கே யாருக்காவது பழக்கம் இருந்தால் உடனே பேசுங்கள். உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, ஆற அமரப் பத்துப் பத்தாகக் காய வைக்கலாம்.

லேசாக நனைந்தவற்றுக்கு உறைய வைக்கத் தேவையில்லை. பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட் (பத்திரிகைத் தாள்) செருகி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அளவுக்கு மீறிச் செருகினால் புத்தக முதுகு பிளந்துவிடும். ஃபேன் காற்று போதும். வெயில், இஸ்திரிப் பெட்டி, லேமினேஷன் மூன்றும் கூடாது. பழைய இரும்பு மை பெரும்பாலும் தாங்கும். பிற்காலத்து நீல ஃபவுண்டன் பேனா மைதான் ஓடும், அதனால் அந்த மையில் எழுதிய புத்தகங்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்தவுடனே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்.

சுவர் விஷயம். செங்கல் சுவர் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஈரச்சுவர் மேல் எமல்ஷன் பெயின்டோ சிமென்ட் பூச்சோ ஏற்றினால் உள்ளே அடைபட்ட ஈரம் உப்போடு வெளியே தள்ளும், கோடைக்குள் பொரிந்து உதிரும். ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை. இப்போதைக்குச் சுண்ணாம்பு அடித்தாலே ஆராதனைக்கு லட்சணமாக இருக்கும், சுவரும் மூச்சு விடும். பெஞ்சுகளை வெயிலில் போட வேண்டாம், பிளந்துவிடும். நிழலில் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

கோயில் கிணற்றை இறைத்து, ஊறி வந்த தண்ணீரின் அளவைக் கணக்கிட வேண்டும். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் (அளவு மீட்டரில்). 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் சாதாரண அளவு, வெள்ளம் புகுந்ததால் முதல் தடவை இரட்டிப்பாகப் போடலாம். பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து சோதனைக் கிட்டில் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். பழைய பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பணம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகச் சேகரக் (குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) கணக்குக்கு அனுப்பலாம், பாஸ்போர்ட் நகலையும் கூடவே அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அப்படி அனுப்பக் கூடாது. சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பின் டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்குக்குத்தான் போக வேண்டும், அந்த அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது, தானே செலவழிக்க வேண்டும். எல்லாருடைய பணத்தையும் ஒருவர் வாங்கி மொத்தமாகத் தன் பெயரில் அனுப்புவதும் வேண்டாம், மாட்டிக்கொள்வது குருவானவர்தான்.