பாலூட்டும் காலத்தில் மார்பில் கட்டி: நீவிவிடலாமா?

கேள்வி:
வணக்கம். என் மகனுக்கு இரண்டு மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். நேற்று முதல் இடது மார்பில், அக்குள் பக்கமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. தொட்டால் வலிக்கிறது, மேலே தோல் இலேசாகச் சிவந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை. பால் கட்டிக்கொண்டது என்று சொல்லி, அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தி நீவிவிடுகிறார். வலி தாங்க முடியவில்லை. அந்தப் பக்கம் பால் கொடுக்கலாமா?

பதில் 1 (பிரசவ வார்டு செவிலியர்):
அழுத்தி நீவுவதை இன்றே நிறுத்துங்கள், சகோதரி. உறைந்த பால் உள்ளே அடைத்து நிற்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பால் நாளங்களைச் சுற்றியுள்ள திசு வீங்கி அவற்றை நெருக்குவதால்தான் பால் தேங்குகிறது, அந்த இடத்தை அழுத்தினால் வீக்கம் கூடத்தான் செய்யும். தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. குழந்தை கேட்கும்போதெல்லாம் இரு பக்கமும் வழக்கம்போல் கொடுங்கள். பாலால் குழந்தைக்குத் தீங்கில்லை. மார்பைக் காலி செய்வதாக எண்ணிப் பம்பில் கூடுதலாக எடுத்தால் சுரப்பு இன்னும் பெருகும். பால் கொடுத்த பின் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் ஒத்தடம் கொடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு நாளில் குறையாவிட்டாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டாலும், பாலூட்டுவோருக்கு ஏற்றதையே தருவார்கள்; பாலை நிறுத்த வேண்டியிருக்காது.

பதில் 2:
அத்தை மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது பாலை வற்றச் செய்யும் முறை. குழந்தையை இழந்த தாய்மாருக்குப் பால் வற்ற மல்லிகை கட்டுவது நம் ஊர்களில் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பலன் இருப்பதாக 1988இல் வெளியிட்டார்கள். பால் கொடுக்க விரும்பும் உங்களுக்கு அது வேண்டாம்.

பதில் 3:
வலி போன பின்னும் கட்டி நிற்கிறதா என்று அவசியம் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் மறையாத கட்டி, அதிலும் வலியே இல்லாமல் கெட்டியாக ஓரிடத்தில் நிற்பது, தோல் உள்வாங்குவது, காம்பில் இரத்தம் கசிவது ஆகியவற்றை எல்லாம் 'பால் கட்டு' என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெரும்பாலும் பால் நீர்க்கட்டியாகவோ சாதாரணக் கட்டியாகவோ இருக்கும். ஆனால் பாலூட்டும் காலத்திலும் புற்றுநோய் வருவதுண்டு என்பதால் ஸ்கேன் எடுத்தே உறுதி செய்ய வேண்டும். பால் குடி மறந்த பிறகு வாருங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்: அல்ட்ராசவுண்டு, மேமோகிராம் இரண்டையும் பாலூட்டும்போதே எடுக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுத்த கையோடு உள்ளே போனால் மார்பு இளகியிருக்கும். படமும் தெளிவாக வரும்.